வாசிக்காமல் சொன்ன ஓம்

ஒஸ்லோவில் பல்கலைக்கழகத்துக்குள் நான் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். முதல் தடவை, வேறொருவர் சுகமில்லை என்று லீவு போட்டதால், தரை துடைக்கப் போனேன். இரண்டாம் தடவை பேச்சாளர் மேசையில் உட்காரப் போனேன். முதல் தடவை ஒரு பயமும் இருக்கவில்லை. இரண்டாம் தடவை நடந்ததைத்தான் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். மூத்தவளே, உனக்கு இதில் பாதி தெரியும். சின்னவனே, உனக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அப்பா ஏன் சோற்றை அளைந்துகொண்டே இருக்கிறார் என்று மட்டும் கேட்டாய்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நகரத்துக்குள் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் கிளீனிங். காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதால் குரோருட்டில் ஐந்தேகால் ரயிலைப் பிடிப்பேன். எங்கள் கொம்பனியில் நான் பாதுகாப்புப் பிரதிநிதியும்கூட. வேலை செய்கிறவர்களுக்குக் காயம், நோவு, ஆபத்து என்று ஏதும் இருந்தால் அதை எழுதி மேலே கொடுப்பது அந்தப் பிரதிநிதியின் கடமை. அதற்கு ஆளைத் தெரிவு செய்ய ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்படித்தான் பிரதிநிதி ஆனேன்.

அந்தக் கட்டடத்தில் என்னோடு லித்துவேனியாவிலிருந்து வந்த ஒரு அன்ரி வேலை செய்தார். உங்களுக்கு அவர் அன்ரி என்றபடியால் நானும் அன்ரி என்றே எழுதுகிறேன். அவர் எங்கள் கொம்பனியின் ஆள் இல்லை. வேலைக்கு ஆட்களை வாடகைக்கு அனுப்புகிற வேறொரு நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் இரண்டு மணிக்கு அவருடைய கைத்தொலைபேசிக்குச் செய்தி வரும். அடுத்த கிழமை எந்தெந்த நாள் வேலை என்று அதில் இருக்கும். வராவிட்டால் வேலை இல்லை. ஏன் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

ஓகஸ்ட் தொடக்கத்தில் அவர் வாசல் கம்பளத்தைத் தூக்கும்போது கை மணிக்கட்டு பிசகிவிட்டது. ஈரக் கம்பளம், நல்ல பாரம். வீங்கி நீலமாகிவிட்டது. அதைத் துணியால் சுற்றி, மேலே ரப்பர் கையுறை போட்டு மறைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"எழுதாதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கை ஏலாத ஆள் எண்டு தெரிஞ்சால் வியாழக்கிழமை எனக்கு ஒண்டும் வராது."

நோர்ஸ்கில், நோர்வே மொழியில்தான் சொன்னார். நோர்ஸ்கில் பேராசிரியருக்கும் பிள்ளைக்கும் ஒரே 'நீ'தான். தமிழில் எழுதும்போது அந்த 'நீ' எனக்குக் கைக்கு வரவில்லை. எல்லோரையும் 'நீங்கள்' போட்டே எழுதுகிறேன்.

நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, அவருடைய மூன்றாம் மாடிக் குப்பை வாளிகளையும் தரை துடைப்பையும் நான் எடுத்துக்கொண்டேன். அவர் என்னுடைய ஐந்தாம் மாடியில் மேசைத் தூசி தட்டினார். மூன்றாம் மாடிக் கதவுத் திறப்பு என் தள்ளுவண்டியில் தொங்கியது. சொந்தத்துக்குள் ஒருவருக்கு ஏலாவிட்டால் நாங்கள் எப்படிச் செய்வோமோ அப்படிச் செய்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற நினைப்பில் காலையில் எழும்புவதுகூடச் சுகமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வாளர் எனக்கு மின்னஞ்சல் போட்டார். இளம் நோர்வேஜியப் பெண். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் வேலைத்தளங்களுக்கு வந்து சேருகின்றனவா என்று ஆராய்கிறாராம். என்னோடும் அன்ரியோடும் கதைக்க விரும்பினார். அன்ரி ஒரே சொல்லில் மாட்டேன் என்றார். நான் ஓம் என்றேன். ஆய்வாளர் பல்கலைக்கழகத்தில் ஒரு அறையில் சந்திக்கலாம் என்றார். நான் விடவில்லை. இவ்வளவு படித்த ஒருவர் எங்களைத் தேடி வரும்போது வெறும் அறையில் வைத்து அனுப்புவதா? வீட்டுக்கு வாருங்கள் என்று எழுதினேன்.

உங்கள் அம்மா மரக்கறி வைத்துச் சுருட்டி ரோல்ஸ் பொரித்து வைத்தார். ஆய்வாளர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, ஒரு படிவத்தைத் தந்து, தன் தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். நான் கொஞ்சம் விறைத்துப்போயிருந்தேன். சட்டம் நன்றாக இருக்கிறதா? ஓம். வாடகைக்கு வருகிறவர்களையும் சமமாக நடத்துகிறார்களா? ஓம், பிழையில்லை. முக்கால் மணித்தியாலம் இப்படியே போனது. பாவம், அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு குறிப்புக் கொப்பியை மூடிவிட்டு ரோல்ஸ் ஒன்றை எடுத்தார். எனக்கும் ஒன்று எடுத்தேன். அவர் மேசையில் கிடந்த சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு கீறிக் காட்டினார். ஒரு முனையில் பிரஸ்ஸல்ஸ். மறுமுனையில் எங்கள் வாளியும் துடைப்பமும் வைக்கிற அறை. "நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்திலை இல்லை. ரெண்டு தரம் சனத்தைக் கேட்டவை, ரெண்டு தரமும் வேண்டாம் எண்டு சொன்னது சனம். ஆனால் ஒப்பந்தம் ஒண்டு இருக்கு. அதாலை அங்கை எழுதுற சட்டம் இஞ்சையும் வரும். வாடகை ஆள் எண்டாலும் சமமாய் நடத்தவேணும் எண்டது அப்படி வந்ததுதான். அது இந்தக் கோட்டிலை எவ்வளவு தூரம் நடந்து வருது எண்டதுதான் என்ரை கேள்வி" என்றார்.

எனக்கு அது நன்றாக விளங்கியது. விளங்கின சந்தோஷத்தில் வாய் திறந்துவிட்டது. அன்ரியின் கை, கையுறை, வியாழக்கிழமைச் செய்தி, மூன்றாம் மாடி எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசி ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளியோடு கிடந்தது. அவர் ஒளிக்கவில்லை. சுட்டிக் காட்டி, "இது இன்னும் பதியுது. இதையும் நான் எடுக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஓம் ஓம், நீங்கள் சாப்பிடுங்கோ" என்றேன்.

ஒக்டோபரில் அவரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. என்னைப் பற்றி எழுதின பக்கங்களை இணைத்திருந்தார். வாசித்துப் பார்த்து, எடுக்க வேண்டியது ஏதும் இருந்தால் சொல்லும்படி கேட்டிருந்தார். மாத முடிவில் ஒரு ஆய்வு மாநாடு நடக்கிறது, அதில் வேலைத்தளத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வருகிறீர்களா என்றும் கேட்டிருந்தார். கீழே ஒரு வரி: 'நீங்கள் மேடையில் இருந்தால் கட்டுரையில் வருகிற ஆள் நீங்கள்தான் என்று சிலர் ஊகிக்கலாம். பரவாயில்லையா?'

அந்த மின்னஞ்சலை ரயிலில் நின்றுகொண்டு பார்த்தேன். இணைத்த பக்கங்களைத் திறக்கவில்லை. சோம்பல் இல்லை, பிள்ளைகள். படித்த ஒருவர் எழுதினதை நான் பிழை பார்க்கிறதா என்று ஒரு கூச்சம். திறந்து பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும்போல இருந்தது. 'எல்லாம் நல்லது, மிக்க நன்றி, வருகிறேன்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த தரிப்பு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மாநாடு வெள்ளிக்கிழமை. எங்கள் கொம்பனிப் பொறுப்பாளருக்கும் அழைப்பு வந்திருந்தது. நல்ல மனிதன், எதற்கும் சிரிப்பார். "நானும் வாறன். முன்னுக்கு இருந்து கை தட்டுவன்" என்று என் தோளில் தட்டினார். வியாழன் பின்னேரம் நான் சேர்ட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன். மூத்தவளே, நீ மடிக்கணினியோடு சோபாவில் இருந்தாய்.

"அப்பா, நாளைக்கு உங்களிட்டை என்ன கேப்பினம் எண்டு பாப்பமே? கட்டுரையை மாநாட்டு இணையப் பக்கத்திலை போட்டிருக்கினம். இங்கிலீஷிலை இருக்கு."

"பாரன். கனக்க இருக்கோ?"

"முப்பது பக்கம்." பக்கம் பக்கமாகக் கீழே உருட்டினாய். பிறகு, "அப்பா, அயனை வையுங்கோ" என்றாய்.

நீ வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாய். பத்தொன்பதாம் பக்கம். ஆறு மாடிக் கட்டடம். இலங்கையிலிருந்து வந்த பாதுகாப்புப் பிரதிநிதி. அவரோடு வேலை செய்கிற, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வாடகைக்கு வந்த பெண். கையுறைக்குள் மறைத்த மணிக்கட்டு. பிரதிநிதி தினமும் அந்தப் பெண்ணின் மாடியைத் துடைக்கிறார். அறிக்கை எழுதவில்லை. பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் பெயர் எதற்கு?

"நிகழ்ச்சி நிரலிலை உங்கடை பேர் இருக்கு. கொம்பனியின்ரை பேரும் இருக்கு. உங்கடை பொறுப்பாளர் இதைக் கேட்டவுடனை அந்த அன்ரி ஆரெண்டு கண்டுபிடிப்பார்."

"நான் போகாமல் விட்டால்?"

"போகாட்டிலும் பேர் இருக்கு, அப்பா. நீங்கள் இதை முதல் வாசிக்கேல்லையே? உங்களுக்கு அனுப்பினவை எல்லோ?"

"அனுப்பினவை."

"வாசிச்சனீங்களோ?"

நான் சேர்ட்டைப் பார்த்தேன். குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உந்தாளுக்குக் கையிலை ஒரு ரோல்ஸ் இருந்தால் வாய்க்குப் பூட்டில்லை. அண்டைக்கே கண்ணைக் காட்டினனான், பாத்தால்தானே!"

"ஒரு கண்ணைக் காட்டினால் நான் என்னண்டு விளங்கிறது?"

"ரெண்டு கண்ணையும் காட்டினனான். நீங்கள் இன்னும் ரெண்டு கொண்டுவரச் சொல்லிறன் எண்டு நினைச்சு, கொண்டா எண்டனீங்கள்."

நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வாளருக்குச் செய்தி அனுப்பினேன். தொலைபேசி எடுத்தேன். பதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு விருந்தாம், அதில் நின்றிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத்தான் சோற்றை அளைந்தேன், சின்னவனே. அன்ரிக்கு அந்தக் கிழமைச் செய்தி பகல் இரண்டு மணிக்கு வந்துவிட்டது. அடுத்த கிழமை ஐந்து நாளும் வேலை. அதை எனக்குக் காட்டி, "பாத்தீங்களோ, முழுக் கிழமை" என்று சந்தோஷப்பட்டிருந்தார்.

வெள்ளி காலை, நான் இல்லாததால் அன்ரி தன் மூன்றாம் மாடியைத் தானே செய்ய வேண்டும். ரயிலில் இருக்கும்போது அவருடைய செய்தி வந்தது. 'பேராசிரியரே, வெற்றி உண்டாகட்டும். இன்றைக்கு வாளிகளை நான் ஒற்றைக் கையால் பார்த்துக்கொள்கிறேன்.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். அதற்கு என்ன பதில் எழுதுவது? தொலைபேசியைப் பைக்குள் போட்டேன். வெளியே நிலம் உறைந்து வழுக்கியது. ரயிலிலிருந்து இறங்கிப் பல்கலைக்கழகம் வரைக்கும் புதுச் சப்பாத்தோடு தாரா வாத்து மாதிரி நடந்தேன்.

எட்டரைக்கெல்லாம் ஆய்வாளரைப் பிடித்துவிட்டேன். வரவேற்பு மேசையில் பெயர் அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த அட்டைகளை அப்படியே வைத்தார்.

"ஆனால் நீங்கள் எல்லாம் நல்லது எண்டு எழுதினனீங்கள்."

"ஓம்."

"வாசிச்சிட்டுத்தானே எழுதினனீங்கள்?"

"இல்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. பயம் இருந்தது. அந்தக் கதைதான் கட்டுரையின் முதுகெலும்பு. அது இல்லாவிட்டால் அவருடைய கோடு பாதி வழியில் நின்றுவிடும். இருந்தாலும் ஒரு வார்த்தை வாதாடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, திரையில் காட்டவிருந்த இரண்டு பக்கங்களை அழித்தார். ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, மாநாட்டுப் பக்கத்திலிருந்து கட்டுரையை எடுக்கச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று, முடிந்தது, தப்பினோம் என்று மூச்சு விட்டேன்.

"இல்லை. மறுமொழி சொல்லுறவர் இருக்கிறார்" என்றார்.

இந்த மாநாடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது, பிள்ளைகள். ஒருவர் கட்டுரை வாசித்தால் இன்னொருவர் எழும்பி எல்லோருக்கும் முன்னால் அதில் நல்லது கெட்டது சொல்ல வேண்டும். அதற்காக அவருக்குக் கட்டுரையை நாட்களுக்கு முன்னரே அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு மறுமொழி சொல்ல வருகிறவர் பெல்ஜியத்திலிருந்து வருகிற வயதான பேராசிரியர். காலை விமானம். தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். அந்தக் கதையை அவர் எப்போதோ வாசித்திருப்பார்.

எங்கள் அமர்வு பத்து மணிக்கு. நானும் ஆய்வாளரும் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றோம். யார் யாரோ வந்தார்கள். கோப்பி ஊற்றினார்கள். கழுத்து அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கை கொடுத்தார்கள். எங்கள் பொறுப்பாளரும் வந்தார், என்னைக் கண்டு பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார். ஒன்பதரை. ஒன்பது ஐம்பது. ஒவ்வொரு நரைத்த தலைக்கும் ஆய்வாளர் ஒரு அடி முன்னே வைப்பார், பிறகு பின்னே வருவார்.

பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, சில்லு வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு, இருமிக்கொண்டு பேராசிரியர் வந்தார். ஆய்வாளர் அவரோடு கூடவே நடந்து காதுக்குள் ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னார். அவர் கோட்டைக் கழற்றினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், பையிலிருந்து காகிதங்களை இழுத்தார், தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஓம் இருந்ததா, இருமல் இருந்ததா என்று சொல்ல முடியாது. அதற்குள் தலைமை தாங்கினவர் எங்களை மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

நீள மேசை. ஒரு பக்கத்தில் ஆய்வாளர், நடுவில் பேராசிரியர், பக்கத்தில் நான். முன்னால் ஐம்பது பேர்வரை. பாதிப் பேர் பேசுகிறவரைப் பார்க்காமல் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பொறுப்பாளர் இரண்டாம் வரிசையில், மடியில் ஒரு கறுவாப் பணிஸ் வைத்துத் தின்றுகொண்டு இருந்தார்.

ஆய்வாளர் பேசி முடித்தார். கதை வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ பொதுவாகச் சொல்லித் தாண்டினார். குரல் கொஞ்சம் மெலிந்தது, வேறொருவருக்கும் விளங்கியிராது. பிறகு பேராசிரியர் தொடங்கினார். ஆங்கிலம் எனக்கு முழுக்கப் பிடிபடவில்லை. அதனால் வாயைப் பார்க்காமல் அவர் முன்னால் இருந்த காகிதங்களைப் பார்த்தேன். மஞ்சள் பேனாவால் ஆங்காங்கே கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினொன்று. பதினான்கு. பதினேழு. உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தேன். பதினெட்டு.

பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி முழுவதும் மஞ்சளாக இருந்தது.

அவர் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இங்கே ஒரு கதை இருக்கிறது" என்றார். அது எனக்கு நன்றாக விளங்கியது.

நான் யோசித்துச் செய்யவில்லை. கையை நீட்டி அந்த மஞ்சள் பத்தியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தேன். ஐம்பது பேருக்கு முன்னால், ஒரு பேராசிரியருடைய காகிதத்தின் மேல். ஆய்வாளர் எழுதினதை வாசித்துப் பார்க்கவே கூச்சப்பட்ட நான்.

மடிக்கணினி தட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. பேராசிரியர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. பிறகு ஆய்வாளரை. அப்போதுதான் அவருக்குக் காதுக்குள் சொன்னது ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். சூடான கோப்பையைத் தூக்கி நகர்த்துவதுபோல என் கையை மெதுவாகத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டினார். "அதை விட்டுவிடுகிறேன். அது எங்களுடையது இல்லை" என்றார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. பணிஸ் பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு என்னுடைய பத்து நிமிடம். எழுதிக் கொண்டுபோன தாளைத் திறக்கவில்லை. நோர்ஸ்கில் நாலு வார்த்தை சொன்னேன். ஆய்வாளர் ஆங்கிலத்தில் சொன்னார். சட்டம் எங்கள் அறைக்கும் வந்திருக்கிறது, கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம், கதவு திறந்திருந்தால் உள்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்றேன். எல்லோரும் தட்டித் தட்டி எழுதினார்கள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கோப்பி இடைவேளையில் பொறுப்பாளர் நேரே வந்தார்.

"அந்தக் காகிதத்திலை என்ன இருந்தது?"

"சொல்ல ஏலாது."

"எங்கடை கொம்பனியைப் பற்றியோ?"

"சொல்ல ஏலாது. பாதுகாப்புப் பிரதிநிதி வெளியிலை சொல்லக்கூடாத விஷயம் இருக்கு. அந்த வகுப்புக்கு என்னை அனுப்பினதே நீங்கள்தான்."

அவர் பணிஸின் மிச்சத்தைக் கடித்து மென்றார். "நான் பயப்படவேணுமோ?"

வழக்கமாக நான் இல்லை இல்லை, எல்லாம் நல்லது என்றுதான் சொல்லியிருப்பேன். "ஓம், கொஞ்சம்" என்றேன்.

"அப்ப சொல்லக்கூடியதா எப்ப வருதோ அப்ப கொண்டு வாங்கோ" என்றுவிட்டுப் போனார். அன்றைக்குக் கை தட்டவில்லை.

மதியச் சாப்பாட்டு வரிசையில் பேராசிரியர் எனக்குப் பின்னால் நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் ஆங்கிலத்துக்கு ஏற்றமாதிரி மெதுவாகக் கேட்டார்:

"இப்பவும் நீங்கள்தான் அந்த மாடியைத் துடைக்கிறீங்களோ?"

"ஓம்."

"எத்தனை கிழமை?"

எண்ணிப் பார்த்தேன். "பன்னிரண்டு."

"ஆய்வாளரிட்டை நான் கேக்க இருந்த கேள்வி அதுதான். பன்னிரண்டு கிழமையும் அந்தச் சட்டத்துக்கு லீவு குடுத்தது ஆர்? நல்ல மனசுக்காரன் ஒருத்தன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் சட்டத்துக்கு வேலை இல்லைத்தானே." சொல்லிவிட்டு என் தட்டில் மீன் துண்டு ஒன்றை வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது கூடுதலாகச் சுட்டது.

நான் செய்த பிழை ரோல்ஸ் மேசையில்தான் நடந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது ஓகஸ்டிலேயே நடந்திருந்தது. எழுத வேண்டிய ஆள் நான். எழுதாமல் சுமந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோயிலுக்குப் போகலாம் என்று அம்மா கூப்பிட்டார். நான் போகவில்லை. அன்ரிக்கு என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று நோர்ஸ்கில் எழுதி எழுதி வெட்டினேன். அவருக்குத் தெரியவராமலே போய்விடுமோ, சொல்லாமலே விடலாமோ என்றும் நினைத்தேன். உண்மையை எழுதுகிறேன் என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

திங்கள் காலை ஆறுக்கு, வாளி அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டு மேசையிலை வைச்சுச் சொன்னனீங்கள்."

"ஓம்."

"என்ன சாப்பாடு?"

"ரோல்ஸ்."

"நல்லா இருந்ததோ?"

நான் வாளியைக் கையில் எடுத்தேன்.

"ருசியாத்தான் இருந்திருக்கும். எனக்கு ஒருநாளும் கொண்டுவந்து தரேல்லை. என்ரை கையை மட்டும் பரிமாறியிருக்கிறீங்கள்." என் தள்ளுவண்டியிலிருந்து மூன்றாம் மாடித் திறப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார். கதவு மூடும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான் என் மாடிகளைச் செய்தேன். மூன்றாம் மாடியில் வாளி இழுபடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்று கேட்டேன். பத்து மணி இடைவேளைக்கு அவர் வந்தார். முகம் வெளிறியிருந்தது. கையுறையைக் கழற்றி, துணியை அவிழ்த்து, கையை மேசையில் வைத்தார். வெயில் காலத்தில் பிசகின கை இன்னும் ஒரு பக்கம் தடித்துத்தான் இருந்தது.

"எழுதுங்கோ. நான் சொல்லுறதை மட்டும் எழுதுங்கோ. பிறகு எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. ரெண்டு தரம்."

காய அறிக்கைப் படிவத்தை எடுத்து அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரம் வாசிக்க விடாமல் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துத் தானே வாசித்தார். நான்காம் வரியில் விரல் நின்றது. இடது கை என்று எழுதியிருந்தேன். மேசையில் கிடந்ததோ வலது கை. அதை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். நான் வெட்டித் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

அன்றைக்கே அதைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "இதுதானோ?" என்றார். "இது அவர் எழுதச் சொன்னது மட்டும்தான்" என்றேன். ஆளை அனுப்புகிற நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போனது. செவ்வாய் அன்ரி வைத்தியரிடம் போனார். புதன் கழிந்து வியாழன் வந்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பேரும் கீழ்மாடியில் நின்றோம். அவர் தொலைபேசியை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு ஏற்கனவே துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தார். இரண்டு மணி. ஒன்றும் வரவில்லை. இரண்டு பத்து. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அதிர்ந்தது.

வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மூன்று நாள். பாரம் தூக்காத வேலை.

"மூண்டு" என்றேன்.

"அஞ்சு இல்லை" என்றார். பிறகு, "ஒண்டுமில்லாமலும் இல்லை" என்று தொலைபேசியைப் பைக்குள் போட்டார். சந்தோஷமா கவலையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவருக்கும் முடிந்திருக்காது.

ஆய்வாளர் கட்டுரையை அந்தக் கதை இல்லாமல் திருத்தி எழுதினார். அதில் என் பேச்சு இருக்கும் பக்கங்களை மறுபடி எனக்கு அனுப்பினார். மூத்தவளே, நீயும் நானும் மேசையில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னேன். அவர் நன்றி என்று மட்டும் பதில் போட்டார், கோபிக்கவில்லை.

அன்ரி இப்போது எங்களோடு இல்லை. ஸ்டோவ்னர் பக்கம் வேறொரு இடத்தில் இடையில் வாடகை நிறுவனம் இல்லாத நிரந்தர வேலை. இதை உங்களுக்கு எழுதத் தொடங்குவதற்கு முன் அவரைக் கேட்டேன். எழுதி முடித்ததும் தொலைபேசியில் நோர்ஸ்கில் வரி வரியாக வாசித்துக் காட்டினேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். ரோல்ஸ் வந்த இடத்தில் சிரித்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன், அம்மா சுட்ட பத்து.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு இன்றைக்கும் என் கை தானாகத் தொலைபேசிக்குப் போகிறது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு செய்தியும் வருவதில்லை. அவருக்கும் இப்போது வருவதில்லை. இருந்தாலும் இரண்டே முக்கால் வரைக்கும் நான் நிம்மதியாக இருப்பதில்லை.